அம்மா எந்த இல்லத்துக்குப் போவது? அதை அம்மாவிடம் கேட்க வேண்டாமா?

நீலவானம்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 79. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வாக்கரைப் பிடித்து நாலு அடி வைக்கிறார், ஆனால் ராத்திரி பாத்ரூம் போக, குளிக்க, மாத்திரை எடுக்க ஒரு ஆள் கூடவே வேண்டும். அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்கள். நானும் அண்ணனும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு வீட்டிலும் பகலில் ஆள் கிடையாது, அதனால் பராமரிப்பு இல்லம்தான் வழி என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அண்ணன் ஒரு இல்லத்தைப் பார்த்து, அவருக்குப் பிடித்துப்போய், முன்பணம் கட்டப் போகிறேன் என்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவே இல்லை. சண்டை அங்கேதான். "கேட்டால் வேண்டாம் என்பாங்க, அப்புறம் என்ன செய்வாய்? சேர்த்துவிட்டால் ஒரு மாதத்தில் பழகிவிடுவாங்க" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, பேங்க் பாஸ்புக்கை இன்னும் அவரேதான் சரிபார்க்கிறார். இந்த நிலையில் நிஜமாகவே அவர் கையில் எவ்வளவு முடிவைக் கொடுக்க முடியும்? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிப்பேருந்து:

உங்கள் அண்ணன் பக்கத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மாமனாருக்கு இதே நிலைமை வந்தது. டிஸ்சார்ஜ் தேதி நெருங்கிவிட்டது, நல்ல இடம் என்று நாலு பேர் சொன்ன எல்லா இடத்திலும் வெயிட்டிங் லிஸ்ட், காலியாக இருந்தது ஒரே ஒரு பெட். அதில் சேர்த்தோம். அவரிடம் கேட்டிருந்தாலும் அந்த ஒரு பெட்தான் இருந்திருக்கும். இல்லாத விருப்பத்தைக் கேட்டு ஆசையைக் கிளப்பிவிட்டு, அப்புறம் முடியாது என்று சொல்வது இன்னும் கொடுமை. பணம் யார் கட்டுகிறார்கள், ஓடி வரும் தூரத்தில் யார் இருக்கிறார்கள், இதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. பெரியவரின் விருப்பம் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

இரவுஷிப்ட்:

நான் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸ். பல வருஷமாக இதே வேலை. வந்து சேருகிறவர்களை வாசலில் பார்த்தாலே எங்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும், இவர் தெரிந்து வந்தாரா, கூட்டிக்கொண்டு வரப்பட்டாரா என்று. "டாக்டரைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி அழைத்து வந்து விட்டுவிட்டுப் போகிற குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். படுக்க மாட்டார், செருப்பைக் கழற்ற மாட்டார். கேட்டால் "இப்ப வந்துடுவாங்க" என்பார். அந்த ராத்திரி டியூட்டியில் இருப்பவர்கள் நாங்கள், பொய் சொல்லவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது.

இடம் மாறுவதால் வருகிற பாதிப்பை எங்கள் படிப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். 1992லேயே அதை ஒரு நர்சிங் நோயறிதலாக, அதாவது நர்ஸ்கள் கண்டறிந்து கவனிக்க வேண்டிய ஒரு பிரச்சினையாக, பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, குழப்பம் வரும், யாரையும் நம்ப மாட்டார்கள். இடம் மாறுகிற எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்லப்படாமல், கேட்கப்படாமல் வந்தவர்களுக்கு அது ஆழமாக இருக்கும், நீண்ட நாளும் இருக்கும். "ஒரு மாதத்தில் பழகிவிடுவார்" என்று உங்கள் அண்ணன் சொல்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல பேர் பழகுவதில்லை, அடங்கிப்போகிறார்கள். தொந்தரவு கொடுக்காமல் இருப்பதால் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு அது பழகினது மாதிரி தெரியும்.

இன்னொன்று, @கடைசிப்பேருந்து, ஒரே ஒரு பெட்தான் இருந்தது என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன், அது நிறைய நடக்கிறது. ஆனால் எந்தக் கட்டடம் என்பது மட்டுமா முடிவு? எத்தனை மணிக்கு எழுவது, காலையில் குளிப்பதா சாயங்காலம் குளிப்பதா, ஆண் அட்டெண்டர் குளிப்பாட்டலாமா கூடாதா, அறைக்கதவு மூடியிருக்க வேண்டுமா திறந்திருக்க வேண்டுமா, வீட்டிலிருந்து எந்த நாற்காலி வர வேண்டும், இதெல்லாம் யார் முடிவு? பல இல்லங்களில் விடியற்காலையில் எல்லோரையும் எழுப்பிக் குளிக்கவைப்பதற்குக் காரணம் அவர்களுக்கு அது பிடிக்கும் என்பதில்லை, ஷிப்ட் மாறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதுதான். இதை மாற்ற முடியும். நான் இருக்கும் தளத்தில், தாமதமாக எழ விரும்புகிறவர்கள் பெயரை எழுதி ஒட்டிவிட்டு அவர்களைக் கடைசியில் எழுப்புகிறோம். கூடுதல் ஆள் எதுவும் போடவில்லை, வரிசையை மாற்றினோம், அவ்வளவுதான்.

கணக்கும்காரணமும்:

இரவுஷிப்ட் சொன்னதற்கு ஆதாரமாக ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1976ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில் செய்தது. இரண்டு தளங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் நிர்வாகி, "உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, யாரைப் பார்க்கப் போவது, எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று பேசினார். ஆளுக்கு ஒரு செடி வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றவர்களையே பொறுக்கி எடுக்கச் சொன்னார், தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள்தான். வாரம் ஒரு படம் போடுவார்கள், பார்ப்பதா வேண்டாமா, இரண்டு ராத்திரிகளில் எந்த ராத்திரி என்பதும் அவர்கள் இஷ்டம். அடுத்த தளத்தில் அதே செடி, அதே படம். ஆனால் செடியைக் கையில் கொடுத்தார்கள், நர்ஸ் தண்ணீர் ஊற்றினார், படத்துக்கு நாளையும் அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். "உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு" என்று பேச்சும் அன்பாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் தளத்தில் 93 சதவீதம் பேரிடம் முன்னேற்றம். இரண்டாவது தளத்தில் 71 சதவீதம் பேர் இன்னும் தளர்ந்துவிட்டதாக மதிப்பீடு. 18 மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள்: முதல் தளத்தில் 47 பேரில் 7 பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 44 பேரில் 13 பேர்.

கடைசிப்பேருந்து:

ஒரு செடியை வைத்து ஆயுள் கூடியது என்றால் நம்ப முடியவில்லையே. இந்த மாதிரிப் பழைய ஆராய்ச்சிகள் பல பின்னாளில் நிற்கவில்லை என்றும் படித்திருக்கிறேன்.

கணக்கும்காரணமும்:

சரியான கேள்வி, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இறப்பு எண்ணிக்கையை வைத்துச் செய்த புள்ளிவிவரக் கணக்கில் தப்பு இருந்தது, ஆசிரியர்களே பின்னால் திருத்தம் வெளியிட்டார்கள். திருத்திய கணக்கில் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை, ஓரத்தில்தான் நிற்கிறது. அதோடு ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கிப் பிரிக்கவில்லை, தளம் தளமாகப் பிரித்தார்கள், மொத்தமே 91 பேர்தான். அதனால் "விருப்பம் கொடுத்தால் ஆயுள் இரண்டு மடங்கு" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். ஆனால் மனநிலை, சுறுசுறுப்பு, அடுத்தவரோடு பழகுவது, இவற்றில் வந்த வித்தியாசத்தை இந்தத் திருத்தம் தொடவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ரிச்சர்ட் ஷுல்ஸ் செய்தது, அதுவும் 1976தான். கல்லூரி மாணவர்களை முதியவர்களைப் பார்க்க அனுப்பினார். சிலருக்கு, எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை. சிலருக்கு, எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே தகவல் மட்டும். சிலரிடம் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். முதல் இரண்டு குழுவும் நன்றாக இருந்தது, அதாவது முன்கூட்டியே தெரிந்திருந்ததே கிட்டத்தட்ட அதே பலனைக் கொடுத்தது. ஆனால் ஆராய்ச்சி முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, 1978ல் வெளியான தொடர் ஆய்வில், நன்றாக இருந்த அதே இரண்டு குழுவினர்தான் அதிகம் சரிந்திருந்தார்கள். கொடுத்துவிட்டுப் பறித்தால் கொடுக்காமல் இருந்ததைவிட மோசம். நீலவானம், இது உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்துகிறது. அம்மாவிடம் எதைக் கேட்கிறீர்களோ அதைச் செய்ய உங்களால் முடிய வேண்டும். செய்ய முடியாததைக் கேட்காதீர்கள், ஆனால் அதை ஏன் செய்ய முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

திண்ணைக்காரர்:

வணக்கம். நான் எழுதலாமா என்று யோசித்தேன், இங்கே எல்லோரும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் உள்ளே இருக்கிறவன். எண்பதைத் தாண்டிவிட்டேன். மனைவி போன பிறகு தனியாக இருந்தேன், கண்பார்வை குறைய ஆரம்பித்ததும் நானே முடிவு செய்தேன், நடக்க முடிகிறபோதே இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று. பிள்ளைகளுக்குக் கோபம், "ஊர் என்ன சொல்லும்" என்றார்கள். ஊர் வந்து என் மாத்திரையை எடுத்துத் தரப் போவதில்லை.

நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன். முதலில் போனில் பேசி, நேரில் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க" என்று நேரம் குறித்துக் கொடுத்த இடங்களுக்கு நான் வேறு ஒரு நாள் சாயங்காலம் போனேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கிற நேரம்தான் ஒரு இல்லத்தின் உண்மையான முகம். ஆட்கள் குறைவாக இருப்பார்கள், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஏதாவது வேண்டியிருக்கும். அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். ஹாலில் இருக்கிறவர்களிடம் அட்டெண்டர்கள் பேசும்போது குனிந்து முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களா, தலைக்கு மேலே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று பார்த்தேன். அங்கே குடியிருக்கிற ஒருவரிடம், நிர்வாகி பக்கத்தில் இல்லாதபோது, "இங்கே உங்களால் எதைச் செய்ய முடியவில்லை?" என்று கேட்டேன். "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் ஒரு மாதம் தற்காலிகமாகத் தங்கிப் பார்த்தேன், வீட்டைக் காலி செய்யாமல். இதைப் பல இல்லங்கள் கொடுக்கின்றன, நாம் கேட்க வேண்டும். முதலில் தங்கின இடம் எனக்கு ஒத்துவரவில்லை. சுத்தம், சாப்பாடு, டாக்டர் எதிலும் குறை இல்லை. அறையில் எனக்கென்று ஒரு அலமாரி இருந்தது, ஆனால் சாவி அலுவலகத்தில். கேட்டால் உடனே திறந்து தருவார்கள். என் சொந்தச் சட்டையை எடுக்க ஒரு சின்னப் பையனிடம் அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது இடத்தில் கட்டடம் பழசு, தோட்டம் கிடையாது. ஆனால் சாவி என்னிடம். கதவைத் தட்டிவிட்டு, நான் "வாங்க" என்று சொன்ன பிறகுதான் உள்ளே வருகிறார்கள். இங்கேதான் இருக்கிறேன். என் பிள்ளைகள் தேர்ந்தெடுத்திருந்தால் கண்டிப்பாக முதல் இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

நீலவானம், உங்கள் அம்மாவுக்கு எது முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். கேளுங்கள்.

மழைக்கால்:

திண்ணைக்காரர் ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் என் நிலைமை வேறு. என் அம்மாவுக்கு மறதி நோய். காலையில் சொன்னது மத்தியானம் நினைவில்லை. இன்றைக்குச் சரி என்பார், நாளைக்கு "நான் எப்போது சொன்னேன்" என்பார். அவரிடம் எதைக் கேட்பது? பவர் ஆஃப் அட்டர்னி என் பெயரில் இருக்கிறது, கையெழுத்து நான்தான் போடுகிறேன், அதனால் முடிவும் நான்தானே எடுக்க வேண்டும்?

சாட்சிக்கூண்டு:

இந்தச் சட்டப் பக்கம் எனக்குக் கொஞ்சம் பழக்கம், அதனால் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் அதிகாரம் வேறு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற கடமை வேறு. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளில் 2005ல் வந்த மனத்திறன் சட்டத்தில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அவரே முடிவெடுக்க எல்லா உதவியையும் செய்து பார்க்காமல் முடியாது என்று சொல்லக் கூடாது. நமக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியாத முடிவை எடுத்தார் என்பதாலேயே திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. அப்புறம், திறன் என்பது ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியது. வீட்டை விற்கும் பத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியாத ஒருவருக்கு, ஜன்னல் ஓரக் கட்டிலா சுவர் ஓரக் கட்டிலா என்று சொல்லத் தெரியும். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாக இருந்தாலும், நடைமுறைக்கு இந்த அளவுகோல் நல்லது.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 2006ல் வந்தது, அதன் 19வது பிரிவும் எங்கே வசிப்பது, யாரோடு வசிப்பது என்று மற்றவர்களுக்குச் சமமாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. வயதாகி நடக்க முடியாமல் போனவரும், நினைவு தடுமாறுகிறவரும் இதற்கு வெளியே இல்லை.

இரவுஷிப்ட்:

மழைக்கால், மறதி நோய் உள்ளவர்களிடம் நாங்கள் எப்படிக் கேட்கிறோம் என்று சொல்கிறேன். பெரிய கேள்வியைக் கேட்காதீர்கள். "எந்த இல்லத்துக்குப் போகலாம்?" என்றால் பதில் வராது, பயம்தான் வரும். இரண்டு இடத்துக்கும் நேரில் அழைத்துப் போங்கள், காலை நேரத்தில், அவர் தெளிவாக இருக்கும் பொழுதில். பேசவே வேண்டாம், உடம்பைப் பாருங்கள். ஒரு இடத்தில் தோள் இறுகி உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார், இன்னொரு இடத்தில் தானாகவே ஒரு நாற்காலியைத் தேடி உட்காருவார். அதுவும் பதில்தான். ஒரே கேள்வியை வேறு வேறு நாட்களில் கேளுங்கள். பேச்சு மாறினாலும், திரும்பத் திரும்ப வருகிற விஷயம் ஒன்று இருக்கும். சத்தம் பிடிக்கவில்லை, ஆண்கள் அறைக்குள் வருவது பிடிக்கவில்லை, இப்படி ஏதாவது. அதை எழுதி வைத்துக்கொண்டு இல்லத்தில் கொடுங்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் எழுதிக் கொடுங்கள். ராத்திரி வேலை பார்த்தவர் ராத்திரி நடமாடினால் அது நோய் இல்லை, பழக்கம். தெரியாவிட்டால் தூக்க மாத்திரைதான் கொடுப்பார்கள்.

புதுவரப்பு:

எல்லாம் சரி, ஒரு கேள்வி. அவர் இஷ்டத்துக்கு விட்டு, தனியாக எழுந்து நடந்து விழுந்துவிட்டால்? அப்போது இல்லத்தையும் குடும்பத்தையும்தானே எல்லோரும் குற்றம் சொல்வார்கள்? பாதுகாப்புக்குத்தானே சேர்க்கிறோம்? எனக்கு என் அப்பா சந்தோஷமாக இருப்பதைவிட உயிரோடு இருப்பது முக்கியம்.

இரவுஷிப்ட்:

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, நாங்களும் தினமும் அந்தப் பயத்தோடுதான் வேலை செய்கிறோம். ஆனால் விழாமல் இருக்க ஒரே வழி எழுந்திருக்கவிடாமல் செய்வது. ஒரு காலத்தில் அதைத்தான் செய்தார்கள், நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டினார்கள். கட்டிப்போட்டவர்களுக்குக் கால் சதை கரைந்தது, படுக்கைப்புண் வந்தது, சிலர் அந்தப் பெல்ட்டிலேயே கழுத்து மாட்டி இறந்தார்கள். அமெரிக்காவில் 1987ல் இல்லங்களுக்கான சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ யாரையும் கட்டக் கூடாது என்று எழுதியே வைத்தார்கள். அதே சட்டத்தில்தான் தன் டாக்டரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையும், அறையையோ அறைத்தோழரையோ மாற்றுவதற்கு முன் சொல்ல வேண்டும் என்பதும் வந்தது. 1972லேயே ராபர்ட் பெர்ஸ்கி என்பவர் "ஆபத்தை ஏற்பதிலும் ஒரு கண்ணியம் உண்டு" என்ற பொருளில் எழுதினார், மனவளர்ச்சி குன்றியவர்களைப் பற்றி. இன்றைக்கு முதியோர் பராமரிப்பில் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். கட்டிலைத் தாழ்த்தலாம், ராத்திரி பாத்ரூம் வழியில் விளக்கு போடலாம், வழுக்காத செருப்பு, அவர் வழக்கமாக எழும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே ஆள் போய் நிற்பது. இதையெல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருக்கிற ஆபத்தை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு அதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் அது நல்லது, எங்களுக்கும் நல்லது.

சாட்சிக்கூண்டு:

கடைசிப்பேருந்து முதலில் சொன்னதற்கு, அதாவது காலியாக இருப்பது ஒரு பெட் என்றால் விருப்பத்துக்கு எங்கே இடம் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அதை விட்டுவிட்டுப் பேசினால் இந்த விவாதம் முழுமையாகாது. அரசாங்கங்களே இதில் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2022ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சிகிச்சை முடிந்தும் இல்லத்தில் இடம் கிடைக்காமல் ஆஸ்பத்திரியிலேயே இருப்பவர்களை, அவர்கள் கேட்காத இல்லத்துக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே ஒதுக்கலாம். தெற்கில் 70 கிலோமீட்டர் தூரம் வரை, வடக்கில் 150 வரை, அங்கே பெட் இல்லாவிட்டால் அதற்கு மேலும். போக மறுத்து ஆஸ்பத்திரியிலேயே இருந்தால் நாளொன்றுக்கு 400 டாலர் கட்டணம். ஆளைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்தான், ஆனால் அந்தக் கட்டணத்தைக் கேட்டபின் எத்தனை பேரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? கணவனைப் பார்க்க தினமும் பஸ்ஸில் வருகிற 80 வயது மனைவிக்கு 70 கிலோமீட்டர் என்பது வாரத்துக்கு ஒரு தடவை என்றாகிவிடும். ஆஸ்பத்திரிப் பெட் அவசர நோயாளிக்கு வேண்டும் என்பது உண்மை. அதற்கான விலையை அந்த மனைவி தலையில் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு பக்கம் இங்கிலாந்தில், அரசு செலவில் இல்லத்துக்குப் போகிறவருக்கும் தனக்குப் பிடித்த இல்லத்தைச் சொல்லும் உரிமை 2014ல் வந்த விதிகளில் இருக்கிறது. இடம் காலியாக இருக்க வேண்டும், அவர் தேவைக்குப் பொருந்த வேண்டும், உள்ளாட்சி ஒதுக்கிய தொகைக்குள் வர வேண்டும். அதற்கு மேல் போனால் வேறு யாராவது மிச்சத்தைக் கட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல், மிச்சத்தைக் கட்ட ஆள் இல்லாதவருக்கு அந்த உரிமை பாதி காகிதத்தில்தான்.

அதனால் நான் சொல்வது: இடம் கிடைக்கும் வரை தற்காலிகமாக ஓர் இல்லத்தில் சேர்த்தாலும், விருப்பமான இல்லத்தின் வெயிட்டிங் லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுக்காதீர்கள். சேர்த்த இடத்தில் "நிரந்தரம்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் இவற்றைப் பாருங்கள்: நாமாக வெளியேறினால் டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும், எவ்வளவு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பெட்டை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா. உடல்நிலை மோசமானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, ஆனால் அதில்தான் இன்னொரு இடமாற்றம் ஒளிந்திருக்கிறது. வெளியே போகும் வழி நியாயமாக இருந்தால்தான் உள்ளே வருகிறவர் தேர்ந்தெடுத்து வந்தார் என்று சொல்ல முடியும்.

கடைசிப்பேருந்து:

வெயிட்டிங் லிஸ்ட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மாமனார் இப்போது இருக்கும் இடத்திலிருந்து முன்பு கேட்ட இடத்துக்கு மாற விருப்பமா என்று இந்த வாரம் கேட்கிறேன். மாறச் சொல்லவில்லை, கேட்கிறேன்.

திண்ணைக்காரர்:

தம்பி, கேளுங்கள். ஆனால் இப்போது அங்கே அவருக்கு ஒரு நண்பர் கிடைத்திருந்தால், மாற மாட்டேன் என்பார். அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கும்காரணமும்:

இல்லத்தின் அமைப்பையே மாற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் பதிவு செய்கிறேன். 2003ல் அமெரிக்காவின் டுபெலோ நகரத்தில் பில் தாமஸ் என்ற டாக்டரின் யோசனைப்படி "கிரீன் ஹவுஸ்" என்ற பெயரில் வீடுகள் தொடங்கினார்கள். ஒரு வீட்டில் பத்து, பன்னிரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனி பாத்ரூம், நடுவில் திறந்த சமையலறை. சமைப்பதும் பராமரிப்பதும் அதே ஊழியர்கள் என்பதால் யார் எப்போது எழுந்து சாப்பிட வந்தாலும் சமாளிக்க முடிகிறது. நூறு பேர் கட்டடத்தில் ஒருவரின் இஷ்டம் நிர்வாகத்துக்குத் தொந்தரவு. பன்னிரண்டு பேர் வீட்டில் அது சாதாரணம். இடம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ஊழியர் எத்தனை பேரைப் பார்க்கிறார், அதே ஊழியர் தொடர்ந்து வருகிறாரா என்று கேளுங்கள்.

நீலவானம்:

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நேற்று நானும் அண்ணனும் சேர்ந்துதான் அம்மாவிடம் பேசினோம். வீட்டுக்கு இப்போதைக்குத் திரும்ப முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம், ஏன் என்பதையும். அழுதார். கொஞ்ச நேரம் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. அப்புறம் "இதையெல்லாம் என் முதுகுக்குப் பின்னாடி நின்னு பேசிக்கிட்டு இருந்தீங்களா" என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் பார்த்த இடத்தின் போட்டோக்களைக் காட்டினோம், நான் பார்த்து வைத்திருந்த இன்னொன்றையும். எங்கள் இருவருக்குமே தோன்றாத கேள்விகளைக் கேட்டார். பாத்ரூம் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம்? பக்கத்துக் கட்டில்காரர் டிவி போட்டால் யார் சொல்லி நிறுத்துவது? ராத்திரி வருவது பெண்தானா? போனில் என் முன்னாலேயே கூப்பிடு என்று சொல்லி, ஸ்பீக்கரில் அவரே பேசினார். அண்ணன் பார்த்த இடத்தில் பாத்ரூம் வராந்தாவின் கடைசியில், நாலு பேருக்கு ஒன்று. "வாக்கரோட அவ்வளவு தூரம் ராத்திரி போக மாட்டேன், டயப்பர் கட்டிவிடுவாங்க, வேண்டாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் அவர் சொன்னதுதான் நடந்திருக்கும்.

நான் பார்த்து வைத்த இடமும் அவருக்குப் பிடிக்கவில்லை, ரொம்ப தூரம், தன் தங்கை வந்து பார்க்க முடியாது என்றார். கடைசியில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் இல்லத்தில் ஒரு மாதம் தங்கிப் பார்ப்பது என்று முடிவானது. அங்கே அறையில் இரண்டு பேர், பாத்ரூம் அறைக்குள்ளேயே. கட்டணம் அண்ணன் நினைத்ததைவிட அதிகம், அம்மா தன் பென்ஷனிலிருந்து மிச்சத்தைத் தருவதாகச் சொன்னார். அண்ணனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, "ஒரு மாதம் கழித்து மறுபடி இதே பேச்சா" என்கிறார். ஆமாம், மறுபடி பேசத்தான் வேண்டும் என்றேன். வாடகை வீட்டை இப்போதைக்குக் காலி செய்யவில்லை.

இரவுஷிப்ட், சேரும் நாளன்று நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இரவுஷிப்ட்:

காலையில் போய்ச் சேருங்கள், மத்தியானத்துக்கு மேல் புது ஆட்கள் வந்தால் ஷிப்ட் மாற்றத்தில் மாட்டிக்கொள்வார்கள். அம்மாவின் போர்வை, தலையணை, அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கடிகாரம், இவை முதலிலேயே போகட்டும். பெட்டியைப் பிரித்து அடுக்குவதை நீங்கள் செய்யாதீர்கள், அம்மா உட்கார்ந்துகொண்டு எது எங்கே என்று சொல்லட்டும், நீங்கள் வையுங்கள். ஃபைலில் எழுதும்போது ஊழியர் உங்களிடம்தான் கேள்வி கேட்பார், "அம்மாவிடமே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கிளம்பும்போது சொல்லாமல் நழுவாதீர்கள், அடுத்து எந்த நாள், எந்த நேரம் வருவீர்கள் என்று சொல்லிவிட்டு அந்த நேரத்துக்கு வாருங்கள். முதல் இரண்டு வாரம் சாப்பாடு குறையும், தூக்கம் கெடும், அதை வைத்து "பிடிக்கவில்லை" என்றோ "பழகிவிட்டார்" என்றோ முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம், ராத்திரி யார் வருவார் என்று அம்மா கேட்டாரே, அந்த ஊழியரின் பெயரைச் சேருவதற்கு முன்பே கேட்டு வாங்கி அம்மாவிடம் சொல்லுங்கள். முடிந்தால் சேரும் நாளன்று சாயங்காலம் அவர் டியூட்டிக்கு வரும் வரை இருந்து, ஒரு தடவை அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

நீலவானம்:

செய்கிறேன் அக்கா. பெயரை இன்றைக்கே கேட்கிறேன்.